அண்ணி சொல்லாத எட்டு

இசைத்தட்டு நிறுவனத்தின் கேட்பறையில் அன்று இருந்தவர்கள் ஆறு பேர். மேசைக்குப் பின்னால், சுழல் நாற்காலியில், நிறுவன மேலாளர். அவருக்கு இடப்பக்கம், இரண்டு கம்ப்யூட்டர் திரைகளுக்கு முன்னால், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கள் டேப்பின் ஒலியைத் துப்புரவு செய்தவர். அவருடைய பதவிக்கு நீளமாக ஏதோ ஒரு பெயர் இருந்தது. மச்சான் அதைக் காதில் வாங்காமல், உள்ளே நுழைந்த கையோடு அவருக்கு 'மெருகு' என்று பெயர் வைத்துவிட்டான். சுவரோரமாகக் கிடந்த சோபாவில் ஒரு முனையில் என் அண்ணன், நடுவில் அண்ணி, மறுமுனையில் நான். அண்ணன் சோபா தைப்பதைத் தொழிலாகக் கொண்டவர். உட்காருமுன் கைப்பிடியை அமுக்கிப் பார்த்து, "உள்ள ஒண்ணுமே இல்லடா, வெறும் அட்டை" என்று என் காதில் சொன்னார். மச்சான் அண்ணியின் தம்பி. அவனுக்குச் சோபாவில் இடமில்லை. ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்காரப் போனவனை மெருகு பதறித் தடுத்து, குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைக் காட்டினார்.

யார் எங்கே இருந்தார்கள் என்று நான் எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. அந்த அறையில் பேசப்பட்டதை ஆறு பேரும் தெளிவாகக் கேட்டோம். 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று பிறகு யாரும் கையை விரிக்க முடியாது.

"போடுப்பா" என்றார் மேலாளர்.

முதலில் வந்தது எங்கள் இசை அல்ல. எண்ணெயில் ஈரக்கை பட்டாற்போல, பட், படபட, பட் என்று ஒரு பொரிச்சல்.

"என்ன சார் இது?" என்றார் அண்ணன்.

"பழைய இசைத்தட்டு பொரியிற சத்தம். நாங்க சேர்த்தது. கேக்கும்போதே ஒரு பழைய காலத்து ஃபீல் வரணும் இல்லையா?" என்றார் மேலாளர்.

"நாங்க பண்ணது டேப்புல. டேப் பொரியாது" என்றேன்.

"கேக்கறவங்களுக்கு அதெல்லாம் தெரியாது சார். பழசு மாதிரி இருந்தாப் போதும்."

"இதை இசைத்தட்டாத்தானே போடப் போறீங்க?" என்று கேட்டான் மச்சான். "அது வாங்கிட்டுப் போனா தானாப் பொரியுமே. அப்பத்து மேல அப்பம் படம் வரையறாப்ல இல்ல இருக்கு?"

மேலாளர் சிரித்தார். அவன் கேலி செய்கிறான் என்பது அவருக்குப் புரியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்களுக்குப் பழைய காலத்தின் மேல் எந்த மோகமும் கிடையாது. நாங்கள் வாசிப்பது புரோகிரெசிவ் ராக். ஒரு பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க நீளும், நடுவில் தாளம் மாறும், எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வரும். இந்த மாதிரி இசையைக் கம்ப்யூட்டரில் பதிந்தால் திருத்திக்கொண்டே இருக்கலாம். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். ஒரே பாட்டை எத்தனையோ முறை திருத்தி, கடைசியில் எங்களில் யார் எதை வாசித்தோம் என்பதே எங்களுக்கு மறந்துபோனது. மூடப்பட்ட ஒரு வானொலி நிலையத்தின் எட்டுத் தடம், அதாவது எட்டு டிராக், உள்ள டேப் இயந்திரத்தை அதற்குப் பிறகுதான் வாங்கி வந்தோம். அதில் எட்டுத் தடத்துக்கு மேல் இடம் கிடையாது. டிரம்ஸ் பிடிக்கவில்லை என்றால் எல்லாரும் மறுபடி நின்று முதலிலிருந்து வாசிக்க வேண்டும். இரண்டு வாசிப்பை இணைக்க வேண்டுமானால் நாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்ட வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டில்தான் எங்களுக்கு வாசிக்க வந்தது. அந்தச் சத்தம் அப்படி வாசித்ததால் வந்த சத்தம். மேலே தடவிய பூச்சு கிடையாது.

பதிவு செய்த இடம் அண்ணனுடைய பட்டறை. நாலு பக்கமும் ஆளுயரத்துக்கு நுரைப்பஞ்சு அடுக்கியிருப்பதால் எதிரொலி என்ற பேச்சே இல்லை. அண்ணன் பாஸ் கிதார், மச்சான் கிதார், நான் ஆர்கன். ஆர்கனுக்குள் மோட்டார் சுழலும். அதன் ஸ்பீக்கர் ஒரு மரப்பெட்டிக்குள் தானும் சுற்றும். மெதுவாகச் சுற்றும்போது பெட்டி முனகும். அந்த முனகலையும் சேர்த்துத்தான் வாசித்தேன். அண்ணி டிரம்ஸ். பகலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். வண்டியைச் சுவரில் முட்டுகிற ஆளிடம்கூட அவர் குரல் உயராது. 'நான் முட்டவே இல்லை, சுவர்தான் வந்துச்சு' என்று சொல்பவரிடம் மட்டும் உயரும்.

பாட்டின் பெயர் 'ஏழறை வீடு'. ஏழு அறைகள் உள்ள ஒரு வீட்டுக்குள் ஒருவர் நடந்து போவதுதான் பாட்டு. ஆரம்பம் முதல் முடிவு வரை தாளம் ஏழு. அதற்காகத்தான் தொடக்கத்தில் அண்ணி வாய்விட்டு எண்ணுவார். அதை அழிக்க வேண்டாம் என்று நால்வரும் சேர்ந்து முடிவு செய்தோம். பாட்டுக்குள் நுழைகிறவருக்கு அதுதான் வாசற்படி.

கேட்பறையில் பொரிச்சலுக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு."

பாட்டு தொடங்கியது. எனக்கு ஒரு கணம் ஒன்றுமே விளங்கவில்லை. வீட்டுக்குள் யாரோ மேசையைத் தள்ளிப் போட்டிருப்பதைப் போல ஒவ்வொரு சுற்றிலும் கால் இடறியது.

"நிறுத்துங்க" என்றார் அண்ணி.

மெருகு நிறுத்தினார்.

"முதல்லேர்ந்து போடுங்க."

மறுபடியும் வந்தது. ஏழு, எட்டு.

"அந்த எட்டை யார் சொன்னது?"

மேலாளர் மெருகைப் பார்த்தார்.

"நான் எட்டு சொல்லவே இல்லையே. என் குரல் மாதிரியே இருக்கு. யாரு அது?"

மெருகு நாற்காலியைத் திருப்பினார். அப்போதுதான் அவர் முகத்தையே சரியாகப் பார்த்தேன். சின்ன வயது. கண்களைச் சுற்றித் தூக்கமின்மை.

"நீங்கதான் மேடம்" என்றார். "அதாவது... உங்க குரலை வச்சு கம்ப்யூட்டர்ல பண்ணது. டேப்ல நிறைய ஒட்டு இருந்துது. ஒட்டுற எடத்துல தாளத்துல ஒரு அடி விழுந்து போச்சுன்னு நெனச்சேன். நீங்களும் ஏழோட நின்னுட்டீங்க. சரி, எட்டும் அதோட அறுந்திருக்கும்னு... பாட்டு பூரா எல்லா சுத்துலயும் ஒரு அடி குறைஞ்சுது. ஒண்ணொண்ணா ஒக்காந்து சேத்தேன்."

"எல்லா சுத்துலயுமா?" என்றான் மச்சான்.

"எல்லாத்துலயும்."

"ஒட்டு இல்லாத எடத்துலயும் எப்படிங்க விழும்?"

மெருகு திரையைப் பார்த்து, மறுபடி அண்ணியைப் பார்த்தார். "ஏழுலயேவா வாசிச்சீங்க? முழுசும்?"

"ஏழுலயேதான்."

"ஐயோ" என்றார் அவர். உண்மையாகவே சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்ததும் அடங்கியதும் அந்த ஒரு சொல்லில்தான். மேசை மேலிருந்த மவுஸில் கை வைத்து, "பழையது அப்படியே இருக்கு மேடம், நான் திருப்பி..." என்று ஆரம்பித்தார்.

"இரு, இரு" என்றார் மேலாளர்.

அதுவரை நடந்தது தவறு. இனிமேல் நடந்தது வேறு.

"எட்டுல நல்லாத்தானே இருக்கு?" என்றார் அவர். "நேத்து எங்க ஆளுங்க எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். தலையாட்டிக் கேக்கறாங்க. உங்க ஏழுல தலையாட்டினா கழுத்து சுளுக்கும். இது தற்செயலா அமைஞ்ச அதிர்ஷ்டம்னு வச்சுக்குங்களேன்."

"ஆனா அது எங்க பாட்டு இல்லையே" என்றேன்.

"நீங்க வாசிச்சதுதான் சார். கொஞ்சம் கூட்டியிருக்கு, அவ்வளவுதான்."

"குறைச்சும் இருக்கு. டேப்போட சீறலும் என் பெட்டியோட முனகலும் போச்சு. திரையில முடிவை வெட்டியிருக்கறது தெரியுதே, ஆர்கனோட கடைசிப் பகுதி எங்கே?"

ஒவ்வொரு சுற்றும் ஓர் அடி நீண்டதால் பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லையாம். அதனால் ஏழாம் அறைக்குள் போவதற்கு முன்பே பாட்டை மெல்ல மங்கவைத்து முடித்துவிட்டார்களாம். இல்லாத அடியைச் சேர்த்து, அதற்கு இடம் போதாமல், இருந்த இசையை வெட்டியிருக்கிறார்கள். இதை மேலாளர் ரயில் நேர மாற்றத்தை அறிவிப்பது போலச் சொன்னார்.

"என் வாயில வார்த்தைய வச்சிருக்கீங்க" என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. உயராததுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

"ஒரு நம்பர்தானே மேடம். கெட்ட வார்த்தையா என்ன?"

"கெட்ட வார்த்தையா இருந்தா நான்தான் சொல்லியிருப்பேன்னு யாரும் நம்ப மாட்டாங்க. இதை நம்புவாங்க."

மேலாளர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். இந்த வடிவமே இறுதி வடிவம், நால்வருக்கும் சம்மதம் என்றிருந்தது. "அட்டை அச்சாயிடுச்சு. தட்டு அடிக்கிற ஆலையில நமக்கு இந்த மாசம்தான் இடம் கிடைச்சிருக்கு. ஆட்சேபம்னா வெள்ளிக்கிழமைக்குள்ள எழுத்துல குடுங்க. குடுத்தா இந்தத் தட்டே கிடையாது, அந்த இடத்தை வேற குழுவுக்குக் குடுத்துடுவோம். ஒண்ணும் வரலேன்னா சம்மதம்னு எடுத்துக்குவோம்." பிறகு அந்தப் பதிவு இருந்த ஒரு சி.டி. குறுந்தட்டை அண்ணன் கையில் கொடுத்தார். "வீட்ல போட்டுக் கேட்டுப் பழகிக்குங்க. வெளியீட்டு விழாவுல இப்படியேதான் வாசிக்கணும்."

அண்ணன் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வண்டியில் பட்டறைக்குத் திரும்பும்போது அண்ணி ஓட்டினார். அண்ணன் பக்கத்தில். நானும் மச்சானும் பின்னால், தைக்க வந்த மெத்தைகளுக்கு நடுவில்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றான் மச்சான். "ஏழறைன்னு பேரு வைக்காதீங்க, ஏழரை வந்து ஒக்காந்துக்கும்னு. இப்போ எட்டா வந்து ஒக்காந்திருக்கு."

"சும்மா இரு மாப்ள" என்றார் அண்ணன். கொஞ்ச தூரம் போனதும், "ஒரு எட்டுக்காகவா இத்தனையும் வேணாம்னு சொல்றது?" என்றார்.

அண்ணி கியரை மாற்றினார்.

"எத்தனை கம்பெனிக்கு அனுப்பினோம்? ஒருத்தனாவது திரும்பிப் பாத்தானா? இவன் ஒருத்தன்தான் போடறேன்னான். சோபா தைக்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன், தட்டு வருதுன்னு. இப்போ போய், இல்லைங்க, ஒரு அடி கூடிடுச்சு, அதனால வரலைன்னா சிரிக்க மாட்டாங்களா? வெளிய வந்தாத்தானே நாலு பேரு கேப்பான்? அப்புறம் அடுத்ததை நம்ம இஷ்டத்துக்குப் பண்ணலாம்."

அண்ணன் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அவர் பட்டறையில் நாற்காலிக் கால்களுக்கு ஆணி அடித்துக்கொண்டே பாஸ் வாசிக்கப் பழகியவர். தன் பெயர் அச்சான ஒரு அட்டையைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு இருந்த ஆசையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

"யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றார் அண்ணி. "நாளைக்கு யாராச்சும் வந்து, அக்கா, நீங்க எட்டுன்னு சொல்றீங்களே, அது அருமைன்னு சொல்லுவாங்க. நான் என்னன்னு சொல்றது? ஆமாங்கறதா? நீங்க சம்மதிக்கணும்னா சம்மதிங்க. எனக்குச் சம்மதம் இல்லைன்னு எழுதிக் குடுக்கப் போறேன்."

"நீ ஒருத்தி குடுத்தாலே போச்சே!"

"ஆமா. அதான் முன்னாடியே சொல்லிட்டேன்."

 

மறுநாள் அலுவலகம் முடிந்து நான் பட்டறைக்குப் போனபோது அண்ணன் தனியாக இருந்தார். தையல் இயந்திரத்தின் மேல் குறுந்தட்டுப் பெட்டியை வைத்து, பாஸ் கிதாரை மடியில் போட்டுக்கொண்டிருந்தார். மச்சான் கதவருகில் மெத்தை உறைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு, பார்க்காதவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழகிக்கறேன்" என்றார் அண்ணன் என்னிடம், கேட்காமலேயே. "விழாவுல வாசிக்கணுமே."

குறுந்தட்டு ஓடியது. எண்ணிக்கை வந்தது. அண்ணன் நுழைந்தார். முதல் சுற்று முடிகிற இடத்தில் அவர் விரல் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது. பாட்டு போகவில்லை. நிறுத்தி மறுபடி போட்டார். மறுபடி அதே இடத்தில் இடறியது. உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் ஓர் அடி காத்திருக்க முயன்றார். காத்திருந்தால் அடுத்தது தாமதம். காத்திருக்காவிட்டால் முந்திவிடுகிறது.

"நேத்து அங்க கேட்டப்ப என் பாஸ் நல்லாத்தானே இருந்துச்சு" என்றார்.

"மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றான் மச்சான்.

"சொல்லித் தொலை."

"அந்த எட்டாவது அடியில ஒரு நோட்டு வருது பாருங்க, டும்முன்னு. அது நீங்க வாசிச்சதே இல்ல. ஏழாவதை எடுத்து இன்னொரு வாட்டி ஒட்டியிருக்காங்க. நீங்க இப்போ அதைத்தான் காப்பியடிச்சுட்டு இருக்கீங்க."

அண்ணன் குறுந்தட்டை மறுபடி ஓடவிட்டார். இந்த முறை வாசிக்கவில்லை. குனிந்து, காதைப் பெட்டியருகே கொண்டுபோய்க் கேட்டார். டும். அடுத்த சுற்று. டும். எல்லாச் சுற்றிலும் அச்சடித்தாற்போல ஒரே டும். ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம்கூட இல்லை.

"நேத்து எனக்குக் கேக்கலையேடா" என்றார். "ஒக்காந்திருந்தேன். என் வாசிப்புதான்னு தலையாட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தேன்."

நிமிர்ந்து குறுந்தட்டை நிறுத்தினார்.

"இவனுங்க என் கையை வெட்டி, அதுக்கு ஒரு விரல் சேத்து ஒட்டிட்டு, அதே மாதிரி மேடையில வாசின்னு என்கிட்டயே சொல்றானுங்க!" சத்தம் எங்கேயும் எதிரொலிக்காமல் நுரைப்பஞ்சுக்குள் போய் அடங்கியது. அதில் அவருக்கு இன்னும் கோபம். "என் பாட்டை நான் தப்பா வாசிக்கறேனா? நானா? எவன்டா இவன்? ஏழு வரைக்கும் எண்ணத் தெரியாதவன் எல்லாம் தட்டு போடறான்!"

"மேலாளருக்கு எண்ணத் தெரியும். தெரிஞ்சுதான் வேணும்கறார்" என்றேன்.

"அதுதான்டா எனக்கு எரியுது!"

அந்த நேரத்தில் அண்ணி வந்தார். கடைசி மாணவரை வீட்டில் இறக்கிவிட்டு வந்திருந்தார். அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், முக்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அந்தப் பையன் போன் பண்ணான்" என்றார். மெருகைத்தான் சொன்னார். "எட்டை அழிச்சுட்டானாம். அந்த மேலாளர் வேற ஒரு பிரதி வச்சிருக்காராம், அதைத்தான் ஆலைக்கு அனுப்பப் போறாராம். எழுத்துல ஒண்ணும் வரலேன்னா நிச்சயம் அனுப்பிடுவார் மேடம்னான். பாவம், மன்னிச்சுக்குங்கன்னு மூணு வாட்டி சொன்னான்."

"நாலாவது வாட்டி சேத்து ஒட்டலையா?" என்றான் மச்சான். அண்ணிகூடச் சிரித்துவிட்டார்.

அண்ணன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "எழுதுடா. இப்பவே எழுது. நாலு பேரும் கையெழுத்து போடறோம்."

வெட்டுமேசையில் துணியை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன். போக்குவரத்து அலுவலகத்தில் பயணிகளின் புகார்களுக்குப் பதில் எழுதுவதுதான் என் வேலை. இத்தனை காலத்தில் நானே ஒரு புகார் எழுதியதில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பள்ளியில் படித்த வரிசையிலேயே தொடங்கினேன். பொருள் என்ற இடத்தில், 'எங்கள் இசையைத் திரும்பப் பெற்றுக்கொள்வது குறித்து' என்று எழுதினேன்.

"திருட்டுப் பயலேன்னு ஆரம்பி" என்றார் அண்ணன்.

"ஐயான்னுதான் ஆரம்பிக்கணும்."

"அவனுக்கு என்னடா ஐயா?"

"அவருக்காக இல்ல. படிக்கும்போது அடுத்த வரியையும் படிக்கணும், அதுக்காக."

எழுதியது இதுதான்:

'ஐயா, நீங்கள் இறுதி வடிவம் என்று எங்களுக்குக் கேட்கத் தந்த பதிவுக்கு எங்கள் நால்வரில் ஒருவருக்கும் சம்மதம் இல்லை. அந்தப் பதிவில் டிரம்ஸ் வாசிப்பவர் எட்டு வரை எண்ணுவதாகக் கேட்கிறது. அவர் ஏழு வரைதான் எண்ணினார். ஏழு என்றவர் ஏழில் நிறுத்தியது மறதியால் அல்ல. அது பாட்டின் தாளம். தவறாகப் புரிந்துகொண்டு சேர்த்ததை நாங்கள் மன்னிக்கிறோம். தவறு என்று தெரிந்த பிறகும் வைத்துக்கொள்ள விரும்புவதை மன்னிக்கவில்லை.

எங்கள் பதிவில் இருந்த நாடாவின் சீறலும் மோட்டாரின் முனகலும் நாங்கள் வாசித்த அறையின் சத்தங்கள். அவற்றை அழுக்கு என்று துடைத்துவிட்டு, எந்த அறையிலும் இல்லாத ஒரு பொரிச்சலைச் சேர்த்திருக்கிறீர்கள். பழசு மாதிரி இருந்தால் போதும் என்று ஆறு பேர் இருந்த அறையில் சொன்னீர்கள். நாங்கள் எதன் மாதிரியாகவும் வாசிக்கவில்லை.

எங்கள் பெயரில் அந்தத் தட்டு அச்சாகக் கூடாது. எங்கள் மூல டேப்பைத் திருப்பி அனுப்பவும்.'

உரக்கப் படித்துக் காட்டினேன். "திருப்பி அனுப்பவும் இல்ல, திருப்பி அனுப்பணும்" என்றார் அண்ணி. மாற்றினேன். 'அனுப்பியாக வேண்டும்.'

"கடைசியா என் வரி ஒண்ணு" என்றார் அண்ணன். அவர் சொன்ன வரியை நான் எழுதவில்லை. அடுத்துச் சொன்னதையும் எழுதவில்லை. மூன்றாவதாக, கொஞ்சம் யோசித்து, "பாஸ் வாசிப்பவர் அந்தப் பதிவோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தார், முடியவில்லைன்னு எழுது" என்றார். "வெக்கமில்லடா எனக்கு. எழுது. அவன் படிக்கட்டும்."

அதைக் கையெழுத்துகளுக்கு மேலே தனி வரியாக எழுதினேன்.

அண்ணி முதலில் போட்டார். பிறகு மச்சான், பிறகு நான். அண்ணன் பேனாவைக் கையில் வாங்கி, தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வேணாம்னா வேணாங்க" என்றார் அண்ணி மெதுவாக.

"யாரு வேணாம்னா?" என்று சீறிவிட்டு, தாள் கிழிகிற அழுத்தத்தில் போட்டார். போட்ட பிறகு சிறிது நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நுரைப்பஞ்சு அடுக்கைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. தட்டு வராது என்பது அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் உறைத்தது என்று நினைக்கிறேன்.

புதன்கிழமை காலை, அலுவலகம் போகும் வழியில், நானும் அண்ணியும் தபால் நிலையத்துக்குப் போனோம். தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தேன். கம்பித் திரைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் பசைச் சீசாவை எங்கள் பக்கம் தள்ளினார். அண்ணி மடிப்பில் பசை தடவி, மேலே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். பின்னால் வரிசையில் ஒருவர் இருமினார்.

"ஒட்டிடுச்சு, குடுங்க" என்றார் அந்த அம்மாள். "பதிவுத் தபாலா?"

"ஆமா" என்றார் அண்ணி. "கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுக்கணும்."

அந்த அம்மாள் முத்திரையைக் குத்தி, உறையைப் பின்னால் இருந்த சாக்குக்குள் போட்டார்.